கவர்மெண்ட் கம்பெனி கணக்க நாமளே படிச்சு பாக்குறது எப்படி? தோட்டத்து ஊர்லேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்து பந்திங்லேர்ந்து பாலத்த தாண்டி கேரி தீவுக்குள்ள போனா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் செம்பனைதான். இந்த நிலம் யாரோடதுன்னு வயசானவங்கள கேட்டா ஹாரிசன்னு சொல்லுவாங்க, அவங்க பிள்ளைங்க கோல்டன் ஹோப்புன்னு சொல்லுவாங்க, 2007-க்கு அப்புறம் சைம் டார்பி, 2024-லேர்ந்து எஸ்டி கத்ரி. போர்டுல பேரு மாறிக்கிட்டே இருந்தாலும் 1980-கள் ஆரம்பத்துலேர்ந்து பின்னால இருக்குற பெரிய பங்குதாரர் பிஎன்பி, அதாவது 1978-ல அரசாங்கம் ஆரம்பிச்ச முதலீட்டு நிறுவனம். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில லண்டன் பங்குச்சந்தையில கத்ரிங்கிற வெள்ளக்காரன் தோட்டக் கம்பெனியோட பெரும்பான்மை பங்க பிஎன்பி வாங்கி முடிச்ச கதை இங்க பல பேருக்கு தெரியும். வெள்ளக்காரன் தோட்டம் நம்ம நாட்டு கைக்கு வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க, அது நியாயமான சந்தோஷம்தான். ஆனா நாட்டோட கைக்கு வந்தா அந்த கம்பெனிய யாரு கண்காணிக்கிறதுன்னு ஒரு கேள்வியும் கூடவே வந்துடுது, அத நம்ம ஆளுங்க யாரும் பெருசா எடுத்துக்கல.

எங்க தாமான்ல ஒரு அக்கா, காலம் பூரா உதிரிப்பழம் பொறுக்கி ரிட்டயர் ஆனவங்க, "நான் ஒரு ஷேர் கூட வாங்குனதில்ல தம்பி, கவர்மெண்ட் கம்பெனி நட்டமானா எனக்கென்ன வந்துச்சு"ன்னு கேட்டாங்க. அவங்க ஈபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி ஸ்டேட்மெண்ட எடுத்து வச்சு காட்டுனேன். அந்த காசு சும்மா பெட்டிக்குள்ள பூட்டி கெடக்கல, தோட்டக் கம்பெனி, பேங்க், மின்சாரக் கம்பெனின்னு இந்த மாதிரி அரசு சார்ந்த கம்பெனிகளோட பங்குலயும் பத்திரத்துலயும் ஒரு பகுதி கெடக்கு. அவங்க மகன் போட்டு வச்சிருக்குற ஏஎஸ்எம்ங்கிற சேமிப்பு யூனிட்ட நடத்துறது பிஎன்பிதான். இது ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் வரி இருக்கு, மருந்தில்லாத கிளினிக் இருக்கு, கூரை ஒழுகுற பள்ளிக்கூடம் இருக்கு. கம்பெனி நட்டத்த அரசாங்கம் அடைச்சா அந்த காசு இதுலேர்ந்துதான் போகும்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். கவர்மெண்ட் கம்பெனியோட நட்டம் நம்ம வீட்டுக்கு வர்ற வழி பெரும்பாலும் உத்தரவாதம், அதாவது "கம்பெனி கட்டலைன்னா நான் கட்டுறேன்"னு அரசாங்கம் போடுற கையெழுத்து. அந்த கையெழுத்த யாரு போட்டா, போட்டவங்கள யாரு கேள்வி கேக்க முடியும், இந்த ரெண்டையும் தேடி கண்டுபிடிக்க தெரிஞ்சா போதும், மிச்சம் எல்லாம் கூட்டல் கழித்தல்தான். கீழ இருக்குற படிய வரிசையா போங்க, ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல.

படி 1: எந்த வகை கம்பெனின்னு முதல்ல பிரிங்க

எல்லாத்தையும் மொத்தமா "கவர்மெண்ட் கம்பெனி"ன்னு சொல்றோம், ஆனா வகைக்கு வகை எந்த பேப்பர் நம்ம கைக்கு கிடைக்கும்ங்கிறது மாறும்.

முதல் வகை, தனி சட்டம் போட்டு ஆரம்பிச்ச அமைப்பு. நிலமில்லாதவங்கள தோட்டத்துல குடியேத்த 1956-ல வந்த பெல்டா, கிள்ளான் துறைமுக ஆணையம் இதெல்லாம் இந்த வகை. இவங்க கணக்க தலைமை கணக்காய்வாளர் பாக்கணும், நாடாளுமன்றத்துல வைக்கணும். ரெண்டாவது, நிதி அமைச்சோட பேர்ல இருக்குற செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் லிமிடெட்), பெர்ஹாட் (லிமிடெட்) கம்பெனிங்க. நிதி அமைச்சர்ங்கிற பதவியையே ஒரு நிறுவனமா பதிவு பண்ணி, அது பேர்ல பங்கு வச்சிருப்பாங்க, அதுக்கு 1957-லயே சட்டம் இருக்கு. அரசாங்கத்தோட முதலீட்டு கம்பெனி 1எம்டிபி, அதோட கிளையா ஆரம்பிச்ச எஸ்ஆர்சி, ரெண்டும் இப்படிதான் இருந்துச்சு. மூணாவது, பங்குச்சந்தையில இருக்குற எஸ்டி கத்ரி, தெனாகா, டெலிகோம் மாதிரி கம்பெனிங்க. இதுல பிஎன்பி, கஸானா, ஈபிஎஃப், குவாப் மாதிரி அரசு நிதிங்க பெரிய பங்கு வச்சிருக்கும்.

மூணாவது வகைக்கு கணக்கு ஓசியில கிடைக்கும், நம்ம பங்குச்சந்தை புர்சாவோட வெப்சைட்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவ போட்டே ஆகணும். ரெண்டாவது வகைக்கு எஸ்எஸ்எம்ல, அதான் கம்பெனி பதிவு ஆணையத்துல, கொஞ்சம் காசு கட்டி ஆன்லைன்ல எடுக்கலாம். டைரக்டர் யாரு, பங்கு யாருகிட்ட, கடைசியா எந்த வருஷத்து கணக்கு குடுத்திருக்காங்க எல்லாம் வரும். பெரிய பிரச்சன பூரா இந்த ரெண்டாவது வகையிலதான் நடந்திருக்கு, ஏன்னா சந்தையில இல்ல, யாரும் தினமும் பாக்குறதில்ல, முதலாளி ஒரே ஒரு அமைச்சு.

ஒரு கம்பெனிக்கு கீழ எத்தன கம்பெனி இருக்குன்னும் எழுதி வச்சுக்குங்க. தாய் கம்பெனி கணக்கு சுத்தமா தெரியும், பேத்தி கம்பெனியில கடன் இருக்கும்.

படி 2: அந்த கம்பெனி எதுக்கு இருக்கு, அதுக்கு காசு யாரு தர்றது

அரசு கம்பெனிக்கு லாபம் மட்டும் நோக்கமா இருக்காது, இருக்கவும் கூடாது. கம்பத்துக்கு, அதான் கிராமத்துக்கு, கரண்டு இழுக்கணும், கட்டணத்த ஏத்தாம இருக்கணும், குடியேறிங்களுக்கு வீடு கட்டணும். இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனா அந்த செலவ பட்ஜெட்ல வெளிப்படையா ஒதுக்குறாங்களா, இல்ல கம்பெனி தலையில கட்டிட்டு "நீ கடன் வாங்கி சமாளி"ன்னு விட்டுட்டாங்களான்னு பாருங்க.

இலங்கைய பாருங்க, அங்க மலையகத்துல இருக்குறவங்களும் நம்மள மாதிரி தோட்டத்து ஜனங்கதான். மின்சார சபையும் பெட்ரோலிய கூட்டுத்தாபனமும் வருஷக்கணக்கா அடக்க விலைக்கு கீழ வித்துச்சு, ஓட்டுக்காக விலைய ஏத்தல, ஓட்டைய அடைக்க அரசு பேங்க் ரெண்டுலயும் கடன் வாங்குச்சு. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டு கடன கட்ட முடியாதுன்னு நாடு அறிவிச்சுது. அப்புறம் 2022 ஆகஸ்ட்ல கரண்டு கட்டணம் சராசரியா 75 சதவீதம் ஏறுச்சு, 2023 பிப்ரவரியில மறுபடி 66 சதவீதம். பல வருஷமா தள்ளி வச்ச செலவு மொத்தமா வந்து ஏழை வீட்டு பில்லுல இறங்குச்சு. அதே நாட்டுல, 1970-கள்ல அரசுடைமை ஆக்குன தோட்டங்கள்ல இன்னும் அரசு கையில மிச்சம் இருக்குற தோட்ட நிறுவனங்கள் தொழிலாளியோட ஈபிஎஃப், ஈடிஎஃப்ங்கிற சேமநிதி காசையே கட்டாம பெரிய பாக்கி வச்சிருக்காங்க. முதலாளி அரசாங்கம்னா நம்ம காசுக்கு பயமில்லன்னு நெனைக்கிறவங்க இத ஒரு தடவ யோசிக்கணும்.

படி 3: போர்டுல யாரு உக்காந்திருக்காங்க

ஆண்டறிக்கையில டைரக்டர் படம் போட்ட பக்கத்த எல்லாரும் புரட்டிட்டு போயிடுவாங்க, நீங்க அங்க நில்லுங்க. நியமிக்கிறவரு யாரு, கடன எடுக்க சம்மதம் குடுக்குறவரு யாரு, அத சரிபாக்குறவரு யாரு, இந்த மூணு இடத்துலயும் ஒரே ஆள் பேரு வந்தா அந்த கம்பெனிக்கு பிரேக் இல்லன்னு அர்த்தம்.

1எம்டிபியில இதுதான் நடந்துச்சு. அதோட அமைப்பு விதியில 117-ஆம் பிரிவுன்னு ஒண்ணு, டைரக்டர போடணும் எடுக்கணும்னாலும், பெரிய நிதி முடிவு எடுக்கணும்னாலும் பிரதமரோட எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேணும்னு சொல்லுச்சு. அப்ப பிரதமரா இருந்த நஜிப்பே நிதி அமைச்சர், அவரே ஆலோசனை வாரியத் தலைவர். டைரக்டருங்க உக்காந்து என்ன முடிவு எடுத்தாலும் கடைசி கையெழுத்து ஒரே இடத்துல. அந்த கையெழுத்துக்கு மேல கேக்க ஆளில்ல.

இன்னொரு மாதிரி சிக்கல் பெல்டாவுல. பெல்டா தன்னோட சுமார் 3,50,000 ஹெக்டர் நிலத்த 99 வருஷ குத்தகைக்கு தன்னோட தோட்டத் தொழில நடத்துற எஃப்ஜிவி கம்பெனிக்கு குடுத்துச்சு, எஃப்ஜிவி வருஷத்துக்கு 250 மில்லியன் வெள்ளியும் (ரிங்கிட்) தோட்ட லாபத்துல 15 சதவீதமும் குடுக்கணும். ஒருத்தர் நிலத்துக்காரர், இன்னொருத்தர் குத்தகைக்காரர். கொஞ்ச காலம் ரெண்டுக்கும் சேர்மன் ஒரே ஆள். குத்தகை கூடணுமா கொறையணுமான்னு பேச்சு வந்தா அவரு எந்த பக்கம் பேசுவாரு? இந்த கேள்விய கேக்குறதுக்கு கணக்கு படிச்சிருக்க வேண்டியதில்ல.

அரசியல்வாதி இருந்தாலே தப்புன்னு நான் சொல்லல. தனி டைரக்டர் எத்தன பேரு, ஆடிட் கமிட்டியில யாரு, அவங்க எத்தன கூட்டத்துக்கு வந்தாங்க, எல்லாம் ஆண்டறிக்கையில போட்டிருக்கும். கூட்டத்துக்கே சரியா வராத டைரக்டருக்கு எவ்வளவு அலவன்ஸ் போகுதுன்னும் அதுலயே இருக்கும்.

படி 4: ஆடிட்டர் பக்கம்

கணக்கு அறிக்கைய எடுத்தா முதல்ல லாபத்த பாக்காதீங்க. ஆடிட்டர் கருத்து பக்கத்துக்கு போங்க. "உண்மையான நியாயமான நிலைய காட்டுது"ன்னு சுருக்கமா முடிஞ்சா நல்லது. அதுக்கு கீழ "இந்த விஷயத்த கவனிக்கவும்"னு தனி பத்தி இருந்தா, "நிறுவனம் தொடர்ந்து நடக்குமாங்கிறதுல கணிசமான சந்தேகம்"னு வந்தா, அங்கயே பென்சில்ல கோடு போட்டுக்குங்க. அந்த வரிய எழுத வைக்கிறதுக்கு முன்னாடி ஆடிட்டருக்கும் நிர்வாகத்துக்கும் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கும்.

அடுத்து ஆடிட்டர் மாறிருக்காங்களான்னு பாருங்க. 1எம்டிபி முதல்ல எர்ன்ஸ்ட் அண்ட் யங், 2010-ல அவங்கள எடுத்துட்டு கேபிஎம்ஜி, அப்புறம் அவங்களையும் எடுத்துட்டு டெலாய்ட். கணக்கு குடுக்குறதும் தாமதமாச்சு. 2016-ல டெலாய்ட்டே விலகி, 2013, 2014 கணக்குக்கு தாங்க குடுத்த அறிக்கைய இனி நம்ப வேணாம்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் தலைமை கணக்காய்வாளரோட 1எம்டிபி அறிக்கைய அரசு ரகசிய சட்டத்துல பூட்டுனாங்க, 2018 மே மாசம்தான் வெளிய வந்துச்சு. குத்தம் நிரூபணம் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆடிட்டர் மாத்தமும் தாமதமும் எல்லாருக்கும் தெரிஞ்ச சேதியா இருந்துச்சு. அத படிக்க தெரிஞ்சவங்க அப்பவே கேட்டாங்க, நம்ம பக்கம் யாரும் கேக்கல.

தனியார் கம்பெனின்னா வருஷம் முடிஞ்சு ஆறு மாசத்துல கணக்க பங்குதாரருக்கு அனுப்பணும், அதுலேர்ந்து 30 நாள்ல எஸ்எஸ்எம்ல குடுக்கணும். ரெண்டு வருஷமா எஸ்எஸ்எம்ல புது கணக்கு இல்லன்னா அதுவே உங்களுக்கு பதில்.

படி 5: உத்தரவாதம், இங்கதான் நேரம் எடுத்துக்கணும்

தாமான்ல ஒருத்தருக்கு மோட்டோ லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவங்களுக்கு இது உடனே புரியும். மோட்டோவ ஓட்டுனது அவன், கட்டாம போனா பேங்க் வர்றது உங்க வீட்டுக்கு. அரசு உத்தரவாதமும் அதேதான், கையெழுத்து போடுறவரு தன் சொத்த ஈடு வைக்கல, நம்ம வரிய ஈடு வைக்கிறாருங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

உத்தரவாதத்துல மூணு தினுசு இருக்கு.

ஒண்ணு, முறையான அரசு உத்தரவாதம். இதுக்கு 1965-ல போட்ட சட்டம் இருக்கு. எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் கதை இதுக்கு நல்ல பாடம். 2011-ல ஆரம்பிச்ச கம்பெனி, கையில தொழில் அனுபவம் கிடையாது, ஆனா 2011-ல 2 பில்லியன், 2012-ல இன்னொரு 2 பில்லியன், மொத்தம் 4 பில்லியன் வெள்ளி குவாப்லேர்ந்து கடன் கிடைச்சுது. குவாப்ங்கிறது அரசு ஊழியர்களோட பென்ஷன் நிதி. ஏன் குடுத்தாங்க? அரசாங்க உத்தரவாதம் இருந்ததால. அப்படி இருந்தா கடன் குடுக்குறவரு கம்பெனிய பாக்க மாட்டாரு, உத்தரவாத கடுதாசிய மட்டும் பாப்பாரு. இதுதான் இதுல பெரிய ஆபத்து. "இந்த தொழில் ஓடுமா"ன்னு கேக்க வேண்டிய ஒரே வெளி ஆள் பேங்க்காரன், அவன் வாயயும் உத்தரவாதம் அடைச்சிடுது. பின்னால அந்த கடன அரசாங்கம்தான் சுமக்க வேண்டியதாச்சு. எஸ்ஆர்சி பணத்துல 42 மில்லியன் சம்பந்தப்பட்ட வழக்குல முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 2020-ல தண்டனை குடுத்தாங்க, 2022 ஆகஸ்ட்ல கூட்டரசு நீதிமன்றம் அத உறுதி பண்ணுச்சு.

ரெண்டு, ஆதரவு கடிதம். இது உத்தரவாதம் இல்லன்னு சொல்லிக்குவாங்க, ஆனா படிக்கிறவனுக்கு அப்படிதான் இருக்கும். நம்ம பக்கத்துலயே பூலாவ் இண்டாவுல இருக்குற கிள்ளான் துறைமுக தடையற்ற வணிக மண்டலத்த எடுத்துக்குங்க, பிகேஎஃப்ஸட்னு எல்லாரும் சொல்றது. அதுக்கு பத்திரம் வித்து காசு திரட்டுனப்ப போக்குவரத்து அமைச்சருங்க பேர்ல ஆதரவு கடிதம் குடுத்தாங்க, அந்த மாதிரி வாக்கு குடுக்குற அதிகாரம் நிதி அமைச்சுக்குத்தான் இருக்கு. ஆனா கடிதத்த நம்பி சந்தையில காசு போட்டாச்சு, கைவிட்டா நாட்டோட நாணயமே போயிடும், அதனால அரசாங்கம் 4.6 பில்லியன் வெள்ளி கடன் குடுத்து தாங்கிப் பிடிக்க வேண்டியதாச்சு. ஆரம்பத்துல 2 பில்லியனுக்கு கீழன்னு சொன்ன திட்டம் அது. 1எம்டிபியோட 2013-ஆம் வருஷத்து 3 பில்லியன் டாலர் பத்திரத்துக்கும் இருந்தது ஆதரவு கடிதம்தான்.

மூணு, எங்கயும் எழுதாத உத்தரவாதம். "இவ்வளவு பெரிய கம்பெனிய அரசாங்கம் சாக விடாது"ங்கிற நம்பிக்க. 1980-கள்ல பூமிபுத்ரா வங்கியோட ஹாங்காங் கிளை கம்பெனி பிஎம்எஃப், கேரியன் குழுமத்துக்கு குடுத்த கடன்ல சுமார் 2.5 பில்லியன் வெள்ளி போச்சு, அத விசாரிக்க போன ஆடிட்டர் ஜலில் இப்ராஹிம் 1983-ல கொலை செய்யப்பட்டாரு. பேங்க தூக்கி நிறுத்துனது பெட்ரோனாஸ் காசு. 2014-ல மாஸ் விமான நிறுவனத்துக்கு கஸானா 6 பில்லியன் வெள்ளி திட்டம் போட்டுச்சு, சின்ன பங்குதாரருக்கு ஒரு பங்குக்கு 27 காசு குடுத்து வெளிய அனுப்புனாங்க, சுமார் 6,000 பேருக்கு வேல போச்சு.

வெளிநாட்டு கடன்ல இன்னொரு விஷத்தையும் சேர்த்து பாருங்க. 2012, 2013-ல கோல்ட்மன் சாக்ஸ் மூலமா 1எம்டிபி எடுத்த பத்திரம் மூணு, மொத்தம் 6.5 பில்லியன் டாலர். அப்ப ஒரு டாலருக்கு மூணு வெள்ளி சொச்சம், 2016-ல நாலு வெள்ளிக்கு மேல. கம்பெனியோட வரும்படி வெள்ளியில, கடன் டாலர்ல, ஒரு காசு கூட திருடு போகலன்னாலும் கடன் தானா ஏறிருக்கும். திருடும் போச்சு, 4.5 பில்லியன் டாலர் கையாடல்னு அமெரிக்க நீதித்துறை சொல்லுச்சு. கடைசி பத்திரத்துக்கு தவணை 2023 மார்ச்ல முடிஞ்சுது, அது வரைக்கும் நம்ம அரசாங்கம்தான் கட்டுச்சு.

மத்த நாட்டுலயும் இதே கததான். மொசாம்பிக்ல மூணு அரசு கம்பெனி 2013, 2014-ல சுமார் 2 பில்லியன் டாலர் கடன் வாங்குச்சு, நாடாளுமன்றத்துக்கே சொல்லாம உத்தரவாதம் போட்டாங்க. 2016-ல வெளிய வந்ததும் ஐஎம்எஃப் உதவிய நிறுத்துச்சு. ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தோட 175 மில்லியன் டாலர் பத்திரத்துக்கு அரசு உத்தரவாதம் இருந்துச்சு, நாடே கட்ட முடியாம நின்னப்ப அந்த உத்தரவாதத்தால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, இத நாம எங்க தேடுறது? ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வாக்குல பட்ஜெட்டோட நிதி அமைச்சு நிதிநிலை கண்ணோட்ட அறிக்கை ஒண்ணு வெளியிடும், மலாய்லயும் இங்கிலீஷ்லயும் ஓசியா இறக்கிக்கலாம். அதுல கடன், கடப்பாடு பத்தி தனி பகுதி இருக்கும். அங்க அட்டவணையில எந்தெந்த கம்பெனிக்கு எவ்வளவு உத்தரவாதம்னு போட்டிருக்கும், டானாஇன்ஃப்ரா, பிரசாரானா, பிடிபிடிஎன் பேரெல்லாம் பாக்கலாம். அதுல "அரசாங்கம் கட்ட ஒத்துக்கிட்ட உத்தரவாதம்"னு தனியா ஒரு வரி வரும். கம்பெனியால முடியல, பட்ஜெட்லேர்ந்துதான் போகுதுன்னு அர்த்தம். அந்த ஒரு வரிய மட்டும் போன வருஷத்தோட சேர்த்து வச்சு பாருங்க. 2018 மே மாசம் புது அரசாங்கம் வந்தப்ப கூட்டரசு கடன் 686.8 பில்லியன், உத்தரவாதம் 199.1 பில்லியன், குத்தகை கடப்பாடு 201.4 பில்லியன், மொத்தம் ஒரு டிரில்லியன தாண்டுதுன்னு நிதி அமைச்சர் சொன்னாரு. கூட்டுற முறைய பத்தி சண்ட வந்துச்சு, வரட்டும், ஆனா அந்த ரெண்டாவது எண்ண சாதாரண ஜனங்க முதல் தடவையா கேள்விப்பட்டதே அன்னிக்குத்தான். 2023-ல வந்த நிதிப் பொறுப்பு சட்டம் உத்தரவாதம் ஜிடிபியில 25 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு வரம்பு போட்டிருக்கு. வரம்பு இருக்குறது நல்லது, ஆனா ஆதரவு கடிதமும் எழுதாத நம்பிக்கையும் அந்த கணக்குல சேராதுங்கிறத மறந்துடாதீங்க.

கம்பெனி பக்கத்துலேர்ந்து பாக்கணும்னா கணக்கு அறிக்கையோட கடைசியில வர்ற குறிப்புகள்ல "கண்டிஞ்சண்ட் லயபிலிட்டி"ங்கிற தலைப்ப தேடுங்க, நடந்தா கட்ட வேண்டிய கடன்னு அர்த்தம். எழுத்து சின்னதா இருக்கும், ரெண்டு மூணு பத்திதான் இருக்கும், ஆனா நூறு பக்க அறிக்கையில நான் முதல்ல திறக்குற பக்கம் அதுதான்.

படி 6: லாபம் காசா வந்துச்சா, காகிதத்துலயா

1எம்டிபி கொஞ்ச வருஷம் லாபம்னு காட்டுச்சு. எப்படி? கோலாலம்பூர் நடுவுல இப்ப டிஆர்எக்ஸ் இருக்குற 70 ஏக்கர் நிலத்த அரசாங்கத்துகிட்ட 194 மில்லியன் வெள்ளிக்கு மலிவா வாங்கி, அப்புறம் மதிப்பீட்ட ஏத்தி அந்த வித்தியாசத்த லாபத்துல எழுதுனாங்க. நெலம் விக்கல, கையில காசு வரல, வட்டி மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. 2014-ல கடன் சுமார் 42 பில்லியன், செலுத்துன மூலதனம் வெறும் 1 மில்லியன்.

அதனால லாப நட்ட பக்கத்த விட காசு ஓட்ட பக்கத்த பாருங்க. தொழில்லேர்ந்து உள்ள வந்த காசு, கட்டுன வட்டிய விட கம்மியா இருந்து, புது கடன் எடுத்ததுல அந்த ஓட்டை அடைஞ்சிருந்தா, கடன வாங்கி வட்டி கட்டுறாங்க. ஒரு வருஷம் இருந்தா பரவாயில்ல, மூணு வருஷம் தொடர்ந்தா பயப்படணும்.

படி 7: யாருகிட்ட வாங்குறாங்க, என்ன விலைக்கு

காசு வெளிய போற வாசல் பெரும்பாலும் நிலம், இல்லன்னா இன்னொரு கம்பெனியோட பங்கு. பிகேஎஃப்ஸட் நிலம் மீனவர் கூட்டுறவு சங்கத்துகிட்டேர்ந்து 95 மில்லியன் வெள்ளிக்கு ஒரு தனியார் கம்பெனி கைக்கு போச்சு, சதுர அடி சுமார் 3 வெள்ளி. அதையே துறைமுக ஆணையம் சதுர அடி 25 வெள்ளிக்கு, 1 பில்லியனுக்கு மேல குடுத்து வாங்குச்சு. அந்த மீனவர் சங்கத்துக்காரங்கள நெனச்சா மனசு வேகுது.

எஃப்ஜிவி 2012 ஜூன்ல சந்தைக்கு வந்தப்ப ஒரு பங்கு 4.55 வெள்ளி, 10 பில்லியனுக்கு மேல திரட்டுச்சு, அந்த வருஷம் உலகத்துலயே ஃபேஸ்புக்குக்கு அடுத்த பெரிய வெளியீடு. குடியேறிங்க பல பேரு கடன் எடுத்து பங்கு வாங்குனாங்க. 2018 கடைசியில பங்கு ஒரு வெள்ளிக்கும் கீழ. பெல்டா பக்கம் இந்தோனேசியாவுல ஈகிள் ஹை கம்பெனியோட 37 சதவீத பங்க 505 மில்லியன் டாலருக்கு, சந்தை விலைய விட ரொம்ப கூட குடுத்து வாங்குச்சு. 2019 ஏப்ரல்ல நாடாளுமன்றத்துல வச்ச வெள்ளை அறிக்கையில இதெல்லாம் இருக்கு, அரசாங்கம் 6.23 பில்லியன் வெள்ளி உதவி அறிவிச்சுது. 2025-ல பெல்டா ஒரு பங்குக்கு 1.30 வெள்ளி குடுத்து எஃப்ஜிவிய சந்தையிலேர்ந்தே எடுத்துடுச்சு. அந்த குடியேறிங்களும் நம்ம அப்பா தாத்தா மாதிரி காட்டுல மாடா உழைச்சவங்கதான், இனம் பாத்து இத ஒதுக்கிட்டு போறது தப்பு. நம்ம சமூகத்துலயும் மைக்கா ஹோல்டிங்ஸ்ல 10 கோடி வெள்ளிக்கு மேல போட்டவங்க கதை எல்லாருக்கும் தெரியும், அது அரசு கம்பெனி இல்ல, ஆனா பங்கு வாங்குறவங்களுக்கு கணக்க பாக்க வழியில்லாம போனா என்னாகும்ங்கிறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

ஆண்டறிக்கையில "தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை"ன்னு ஒரு குறிப்பு இருக்கும். டைரக்டரோட உறவு கம்பெனி, தாய் கம்பெனி, யாருக்கு எவ்வளவு போச்சுன்னு அங்க பாருங்க.

படி 8: வேலையாளுங்க நிலைமையும் கணக்குதான்

இத பல பேரு நிதி விஷயமா எடுத்துக்க மாட்டாங்க. 2020 செப்டம்பர்ல எஃப்ஜிவி எண்ணெய்க்கும், அதே வருஷம் டிசம்பர்ல சைம் டார்பி பிளாண்டேஷன் எண்ணெய்க்கும் கட்டாய உழைப்பு சந்தேகத்துல அமெரிக்க சுங்கத்துறை தடை போட்டுச்சு. சைம் மேல இருந்த தடை 2023-லதான் நீங்குச்சு. லயத்துல தண்ணி வரலன்னு, பாஸ்போர்ட்ட புடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னு, ஏஜெண்டுக்கு கடன்பட்டு வந்திருக்கான்னு தோட்டத்துல இருக்குறவங்களுக்கு முதல்லயே தெரியும், கோலாலம்பூர்ல போர்டுல இருக்குறவங்களுக்கு கடைசியில தெரியும். ஆண்டறிக்கையில தொழிலாளர் புகார் எத்தன, எத்தன தீர்த்தாங்கன்னு ஒரு பகுதி இருக்கும், அத நீங்க நேர்ல பாக்குறதோட ஒப்பிட்டு பாருங்க. அந்த ஒப்பீட்ட பெரிய ஆடிட் கம்பெனியால கூட உங்க அளவுக்கு பண்ண முடியாது.

படி 9: கேள்விய எங்க கொண்டு போறது

சந்தையில இருக்குற கம்பெனின்னா கொஞ்சம் பங்கு வாங்கி வச்சா போதும், ஆண்டு பொதுக்கூட்டத்துல கேள்வி கேக்கலாம். கேள்விய முன்கூட்டியே எழுத்துல அனுப்புங்க, பக்க எண், குறிப்பு எண் போட்டு. "ஏன் நட்டம்"னு கேட்டா சந்தை நிலவரம்னு முடிச்சிடுவாங்க, "இத்தனாவது குறிப்புல இருக்குற உத்தரவாதம் யாருக்கு, எந்த கூட்டத்துல ஒப்புதல் குடுத்தீங்க"ன்னு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

மத்த கம்பெனிக்கு தலைமை கணக்காய்வாளர் அறிக்கையும் நாடாளுமன்ற பொதுக் கணக்குக் குழு அறிக்கையும் இருக்கு, ரெண்டும் இணையத்துல கிடைக்கும், கம்பெனி பேர போட்டு தேடுங்க. 2024-ல கணக்காய்வு சட்டத்த திருத்தி, அரசு உத்தரவாதம் வாங்குன கம்பெனியையும் கணக்காய்வாளர் பாக்கலாம்னு அதிகாரத்த விரிச்சிருக்காங்க. அதனால உங்க எம்பிகிட்ட போறப்ப "இந்த கம்பெனிய ஆடிட் பண்ணாங்களா, எப்ப பண்ணுவாங்க"ன்னு நேரடியா கேக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க, அறிக்கையோட அந்த பக்கத்த மட்டும் போட்டோ காப்பி எடுத்து கூட வைங்க.

சிலாங்கூர்ல இருக்குற நமக்கு இன்னொரு வசதி இருக்கு, 2011-ல மாநில சட்டமன்றம் தகவல் அறியும் சட்டம் போட்டிருக்கு. மாநில அரசுத் துறைகிட்ட ஃபாரம் நிரப்பி ஆவணம் கேக்கலாம். கூட்டரசு கம்பெனிக்கு இது செல்லாது, நில மாற்றம், மாநில அனுமதி மாதிரி விஷயத்துக்கு உதவும்.

கம்பெனிக்குள்ளயே வேல பாக்குறவங்க, கிராணியோ மண்டோரோ டிரைவரோ, தப்பு ஏதும் கண்ணுல பட்டா ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க, வாட்சப் குரூப்லயும் வேணாம். 2010-ஆம் வருஷத்து தகவல் தருவோர் பாதுகாப்பு சட்டம் அமலாக்க அமைப்புகிட்ட நேரா சொன்னாதான் பாதுகாப்பு குடுக்கும், எஸ்பிஆர்எம்ங்கிற ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ் மாதிரி இடத்துல. பத்திரிகைக்கு முதல்ல குடுத்துட்டு அப்புறம் பாதுகாப்பு கேட்டா கிடைக்காம போகலாம். ரகசியம்னு முத்திரை குத்துன பேப்பர்னா கைய வைக்கிறதுக்கு முன்னாடி வக்கீல பாருங்க. என்ன பாத்தீங்க, எந்த தேதி, எந்த பில் நம்பர்னு வீட்டுல ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு போங்க, புகார் குடுத்ததும் ரசீது நம்பர கேட்டு வாங்கி அதே நோட்டுல குறிச்சுக்குங்க.